ஆவியில் சுவிஸ் போன நிருஷன்

வட்டக்கச்சியில் அருவி வெட்டி, நெல் வீடு வந்து சேர்ந்தால் சனம் கோயிலுக்குப் போகும், கலியாணவீட்டுக்குப் போகும், மிச்ச நேரத்தில் நித்திரை கொள்ளும். இந்த முறை எல்லாரும் நிருஷனின் தகரக் கொட்டிலுக்குப் போனார்கள். வேலியோரம் முழுக்க மோட்டார் சைக்கிள். லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏறிக் குடும்பத்தோடு வந்து இறங்கியவர்களும் உண்டு. கண்டாவளையில் இருந்து வந்த ஏரம்பு, காணாமல் போன தன் எருமையின் கயிற்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நிருஷனின் ஆவி எருமையைத் தேடிப் போகும்போது மணம் பிடிக்க உதவுமாம். ஆவிக்கு மூக்கு இருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

போன வருடம்வரை நிருஷன் போன் திருத்துகிறவன். பிறகு ‘நூலறுந்தவன்’ என்றொரு பேய்ப்படம் வந்தது. ஒன்றல்ல, நாலு பாகம். நித்திரையில் உயிர் உடம்பை விட்டு உலாத்தப் போகும். ஒரு வெள்ளை நூல் இரண்டையும் இணைத்திருக்கும். நூல் அறுந்தால் வேறொன்று உள்ளே புகுந்து, அந்த ஆளைப் போலவே சோறு தின்னும், சிரிக்கும், கதைக்கும். இரண்டாம் பாகத்தில் மணிக்கூடு ஏன் பின்னுக்கு ஓடியது, மூன்றாம் பாகத்தில் அந்தக் கிழவி ஏன் செருப்பை மாற்றிப் போட்டாள் என்றெல்லாம் நிருஷன் யூடியூப்பில் விளக்கம் சொல்லத் தொடங்கினான். “புகுந்தவன் கண் இமைக்க மாட்டான்” என்பது அவனுடைய பெயர்போன தியறி. சொல்லிச் சொல்லி ஒருநாள், “படமெடுத்தவனுக்கு என்ன தெரியும்? நான் உண்மையாவே போய் வந்தனான்” என்றான். அன்றோடு தம்பி நிருஷன், ஐயா ஆனான். ஐயா ஒருமுறை பறந்துவர ஒரு மூட்டை நெல். ஆவிக்கு நெல் எதற்கென்றால், திரும்பி வந்ததும் பசிக்குமாம்.

அதே ஊர் யதுர்ஷிகா இதையெல்லாம் முதலில் ரசித்துத்தான் பார்த்தாள். நாலு பாகத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தவள். கிழவியின் செருப்பைப் பற்றி நிருஷனோடு கொமென்றில் சண்டை பிடித்தவளும் அவள்தான். படத்தைப் படமாகப் பார்த்தால் பேயும் நல்ல பொழுதுபோக்கு. அந்தப் பேய் அவளுடைய கலியாணத்துக்குள் கால் வைத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

சுவிஸில் இருக்கும் பிரசாந்தனுக்கும் அவளுக்கும் வைகாசியில் கலியாண எழுத்து. ஒருநாள் அவளுடைய தாய் சிவனேஸ்வரி வருங்கால மருமகனோடு வீடியோ கோலில் கதைத்துக்கொண்டிருந்தார். “மாமி” என்று திறந்த வாய் திறந்தபடியே நிற்க, பிரசாந்தன் அப்படியே உறைந்துபோனான். கண் இமைக்கவில்லை. வட்டக்கச்சிச் சிக்னலின் குணம் அங்கே மேய்கிற மாட்டுக்கும் தெரியும். ஆனால் சிவனேஸ்வரி அன்று காலையில்தான் நிருஷனின் தியறியைப் பார்த்திருந்தார்.

“பிள்ளை, உது தம்பி இல்லை! உள்ளுக்கை வேறை ஆரோ!”

“அம்மா, உது சிக்னல்.”

“சிக்னல் எண்டால் ஏன் வாயைத் திறந்துகொண்டு நிக்குது?”

அடுத்த கோலில் அவர் நேராகவே கேட்டுவிட்டார். “தம்பி, குறை நினையாதேங்கோ. உள்ளுக்கை நீங்கள்தானே இருக்கிறியள்?”

பிரசாந்தன் பாவம், என்ன சொல்வான்? “ஓம் மாமி, உள்ளுக்கைதான். வெளியில சரியான ஸ்நோ.”

சிவனேஸ்வரி நெல் மூட்டையோடு நிருஷனிடம் ஓடினார். நிருஷன் சுவிஸ் போய் வந்தான். விசாவும் இல்லை, பிளேனும் இல்லை. “நீலச் சட்டை. சிவப்புக் கார். நூல் அறுந்து கிடக்கு. எழுத்தை நிப்பாட்டுங்கோ. நான் மாதாமாதம் போய் முடிச்சுப் போட்டு வாறன்” என்றான்.

“பாத்தியே, சிவப்புக் காரையும் சொல்லிப்போட்டார்!” என்று தாய் வாய் பிளந்தார். சனிக்கிழமை இன்னொரு தரம் போய்ப் பார்க்க ஐயாவிடம் சொல்லியிருப்பதாகவும், அதிலும் அப்படித்தான் வந்தால் எழுத்து இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

யதுர்ஷிகா அன்று அழுதாள். அவளுக்குப் பிரசாந்தனைப் பிடித்திருந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோதுதான் அந்தச் சிவப்புக் கார் மூளையில் தட்டியது. பேஸ்புக்கில் பிரசாந்தன் சாய்ந்து நின்று படமெடுத்த கார் அது. யாரோ வெள்ளைக்காரன் தெருவில் விட்டிருந்த கார். பிரசாந்தன் வேலைக்குப் போவது பஸ்ஸில். கோபம் உச்சிக்கு ஏறியது. உடனே பிரசாந்தனுக்குக் கோல் எடுத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் கொட்டில் நிரம்பி வழிந்தது. நிருஷன் முதலில் திரைக்குப் பின்னால் போய் மௌனம் இருந்தான். மௌனத்துக்குப் போன் எதற்கு என்று கேட்கக்கூடாது. பிறகு வந்து பிளாஸ்டிக் பாயில் படுத்தான். முகத்தைத் துணியால் மூடினான். கால் பெருவிரல் இரண்டு தரம் துடித்தது.

“கிளம்பிட்டார்” என்று ஏரம்பு கைகூப்பினார்.

துணிக்குள் இருந்து குரல் வந்தது. “காணுறன்... தலை முழு மொட்டை. பக்கத்தில கறுத்த நாய். உது நாயில்லை, காவல்!”

சிவனேஸ்வரி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

“அண்ணா, வடிவாப் பாருங்கோ. மொட்டைதானே?” என்றாள் யதுர்ஷிகா.

“கிட்ட நிண்டு பாக்கிறன் தங்கச்சி. மண்டை பளபளக்குது.”

அவள் வீடியோ கோல் எடுத்தாள். பிரசாந்தன் அகப்பையும் கையுமாகத் தோன்றினான். தலை நிறைய முடி. நாயைக் காணவில்லை.

“மொட்டைப் படம் நான் போனில செய்தது. நாய் இன்ரநெற்றில எடுத்தது. நேற்றுத்தான் இவர் பேஸ்புக்கில போட்டவர். அண்ணா சுவிசுக்குப் போகேல்லை, பேஸ்புக்குக்குத்தான் போனவர்!”

“ஒரு இரவுக்குள்ளை முளைச்சிருக்குமோ?” என்றார் ஏரம்பு. நம்புவதென்று முடிவெடுத்த மனுசனுக்கு முடி முளைக்க எவ்வளவு நேரம்!

அந்த நேரம் பார்த்துப் பிரசாந்தன் அகப்பையை உயர்த்தியபடி உறைந்துபோனான். சனம் அலறியது. நிருஷன் துணியை வீசிவிட்டுத் துள்ளி எழும்பினான். “பாத்தியளே! இமைக்கேல்லை! உது புகுந்த ஆள்!”

யதுர்ஷிகா வாதாடவில்லை. கோலை வெட்டிவிட்டு, நிருஷனுடைய நம்பருக்கு வீடியோ கோல் போட்டாள். திரைக்குப் பின்னால் போன் அடித்தது. தொழில் பழக்கம் விடுமா? ஓடிப்போய் எடுத்து, “ஹலோ, போன் திருத்தவோ?” என்றான். அவளுடைய திரையில் நிருஷனின் முகம் பாதி ஹலோவோடு உறைந்தது. வாய் கோணி, கண் விறைத்து நின்றது. அவள் அதை எல்லாருக்கும் பிடித்துக் காட்டினாள்.

ஏரம்பு கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார். “ஐயோ! ஐயாவுக்குள்ளையும் ஆரோ!”

ஒருவர் கூரைத் தடியைப் பிடுங்கினார். நிருஷன் இரண்டு கையையும் தூக்கினான்.

“எனக்குள்ளை ஒருத்தருமில்லை! உது சிக்னல்! தகரத்துக்குக் கீழை எல்லாருக்கும் இப்பிடித்தான் நிக்கும்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று அவனுக்கே விளங்கியது. பிறகு யாரோ சிரிக்கத் தொடங்க, தகரம் அதிர்ந்தது.

சிவனேஸ்வரி சிரிக்கவில்லை. தன் நெல் மூட்டையைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வெட்டைக்கு வந்து, மகளின் போனை வாங்கிப் பிரசாந்தனுக்குத் திரும்பக் கோல் எடுத்தார். “தம்பி, எழுத்து வைகாசியிலதான். மாமி விசர்க்கதை கதைச்சுப்போட்டன். மனசில வைக்காதேங்கோ.” பிரசாந்தன் சிரித்தான். இமைத்தும் காட்டினான். யதுர்ஷிகாவுக்குக் கண் கலங்கியது.

“அப்ப என்ரை எருமை?” என்று ஏரம்பு அவளிடம் கேட்டார்.

“நடந்துபோய்த் தேடுங்கோ மாமா.”

பேய்ப்படம் பாருங்கள், பயப்படுங்கள், கிழவியின் செருப்புக்கு ஆயிரம் விளக்கம் சொல்லிச் சண்டையும் பிடியுங்கள். ஊரான் பிள்ளையின் உடம்புக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்கக் கிளம்பும்போது மட்டும், முதலில் உங்கள் தலைக்குள் ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்.