முட்டி போட்ட குதிரை

வேதியியல் படித்தவனை வீட்டில் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. படிக்காதவன் ஒரு பொருளைக் கெடுத்தால் ஐயோ என்று அலறிவிட்டு அதோடு நின்றுவிடுவான். படித்தவன் அலற மாட்டான். கெடுத்ததைச் சரிசெய்யப் பார்ப்பான். கடலூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருடங்களுக்கு மேல் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

என் மகள் உமாவைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். 2007 சித்திரையில் அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துக் கையோடு பிரசவத்துக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. நானும் மனைவி சரோஜாவும் முதல் நாள் காலையிலேயே போய் இறங்கிவிட்டோம்.

மாப்பிள்ளை ரவியின் அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். யாரையும் அதட்ட மாட்டார், மெதுவாகத்தான் பேசுவார். (அதட்டியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.) அவர் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு தடவை ஊர் திரும்பும்போதும் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் குதிரை வாங்கி வருவாராம். முழங்கை உயரம், கையால் வர்ணம் தீட்டியது, பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். ஏன் குதிரை என்று ஒருமுறை கேட்டேன். "யானை பொட்டியில அடங்காதுண்ணே" என்றார் சம்பந்தியம்மா.

அப்படிச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் கூடத்தில் கண்ணாடி அலமாரியில் நின்றன. வெள்ளைக் குதிரைதான் கடைசியாக வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் மறுபடி கப்பல் ஏறவில்லை. அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். சம்பந்தியம்மா வேறு எந்தக் குதிரையை வேண்டுமானாலும் ரவியைத் துடைக்க விடுவார். வெள்ளையை மட்டும் அவரே துடைப்பார்.

அன்று காலை அதைத்தான் வெளியே எடுத்து மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதியில் சரோஜா, "வளையல் கடைக்குப் போயிட்டு வந்துடலாமா? வெயில் ஏறிடும்" என்றாள். இரண்டு பேரும் கிளம்பினார்கள். ரவி ஆபீசில். உமா உள்ளறையில் படுத்திருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, மறுநாளைக்கான அட்சதைக்காக அரிசியில் மஞ்சள்தூளும் எண்ணெயும் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். (சும்மா இருக்க முடியாமல் நானே கேட்டு வாங்கிய வேலை.)

"அண்ணே, ஃபேன் காத்துல குதிர விழாம பாத்துக்கங்க. கை மட்டும் வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் சம்பந்தியம்மா.

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது என்ன வகைப் பிளாஸ்டிக்? அடிவயிற்றில் ஏதாவது பொறித்திருப்பார்களே? தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் பொறிக்கவில்லை. கீழே வைத்தபோது வெள்ளைக் குதிரையின் இரண்டு விலாவிலும் என் விரல்கள் மஞ்சளாகப் பதிந்திருந்தன.

ஈரத் துண்டால் துடைத்தேன். நான்கு விரலாக இருந்தது ஒரே திட்டாகப் பரவியது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புதான் மருந்து என்று கொல்லைப்புறத்துக்கு ஓடி, துணி சோப்பைக் குழைத்துத் தேய்த்தேன். குதிரை சிவந்துவிட்டது. சும்மா சிவப்பில்லை; யாரோ கத்தியால் குத்தியது போல ரத்தச் சிவப்பு.

காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மஞ்சள் தடவிய தாளில் செய்து பார்க்கிற பரிசோதனை இது. நானே எத்தனை கூட்டங்களில் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்! அது நினைவுக்கு வருவதற்கு ஒரு குதிரை சிவக்க வேண்டியிருந்தது. அடுப்படியில் எலுமிச்சை சாதத்துக்கு வைத்திருந்த பழங்களில் ஒன்றை எடுத்துப் பிழிந்தேன். சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் வந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதியாக வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடி மேசையில் உமாவின் நகப்பூச்சு அழிக்கிற திரவம் இருந்தது. பஞ்சில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. பளபளப்பு போய், அந்த இடம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆயிற்று. பதற்றத்தில் பஞ்சு முகத்தில் பட்டதில் ஒரு கண்ணும் அழிந்துவிட்டது.

மிச்சமிருந்தது ஒரே வழி. மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும். இது முழு உண்மை. அந்த வீட்டு மொட்டை மாடிக்குப் படிக்கட்டு கிடையாது, கொல்லைச் சுவரில் சாத்திய இரும்பு ஏணிதான். குதிரையைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அறுபத்து மூன்று வயதில், ஆடுகிற ஏணியில் ஒரு கையால் ஏறினேன். தகிக்கிற தளத்தில் குதிரையை நிறுத்திவிட்டு இறங்கி, பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன்.

பிளாஸ்டிக் சூட்டில் இளகும் என்பதும் நான் நடத்திய பாடம்தான். இரண்டும் வேறு வேறு வருடத்துப் பாடங்கள். சேர்த்து யாரும் கேள்வி கேட்டதில்லை.

விழித்துக்கொண்டு மேலே ஓடினேன். மஞ்சள் சுத்தமாகப் போயிருந்தது. குதிரை முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கி, வகுப்புக்கு வெளியே தண்டனை பெற்ற பையனைப் போல முட்டி போட்டிருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன். கழுத்து கோணிக்கொண்டது.

இறங்கி வந்தபோது ஏணியடியில் உமா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மஞ்ச பட்டுடுச்சிம்மா..."

"இது மாமா கடைசியா வாங்கியாந்ததுப்பா. அத்த யாரையும் தொடவே விட மாட்டாங்க."

வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ, கையை நீட்டினாள். நான் குதிரையைக் கொடுத்தேன். அவள் பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

சம்பந்தியம்மா உள்ளே வந்தார். வளையல் பையைக் கீழே வைத்தார். உமாவின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் ராகு காலம் போட்டிருந்தது.

"நான்தான் அத்த" என்றாள் உமா. "மஞ்சக் கை பட்டுடுச்சி. வெயில்ல வெச்சா போயிடும்னு நெனச்சேன்."

சம்பந்தியம்மா கொல்லைப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குதிரையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "தூசியா இருந்தா மெல்லிசு பிரஷ்ஷு. அழுக்கா இருந்தா வெதுவெதுன்னு தண்ணி, அதுல ஒரு சொட்டு கொழந்த ஷாம்பு. தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். நெழல்ல காய வெக்கணும். அவ்ளோதான். தெரியலன்னா கேக்கணும். சரி, நிக்காத, போயிப் படு."

மறுநாள் வளைகாப்பு. வந்திருந்த ஒரு பெண்மணி அலமாரியைப் பார்த்து, "என்னாக்கா, இது மட்டும் இப்டி இருக்கு?" என்றார்.

"எம் மருமவ கைவேல. சொந்தக்காரங்களக் கண்டா முட்டி போடணும்னு குதிரைக்குக் கத்துக் குடுத்திருக்கா" என்றார் சம்பந்தியம்மா.

கூடமே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்த உமா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து புது வளையல்களைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் அது குடும்பக் கதையாயிற்று. பேரனுக்குப் பேர் வைத்தபோது சொன்னார்கள். முதல் பிறந்தநாளில் சொன்னார்கள். சேத்தியாத்தோப்பில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில்கூட, "இதுதான அந்த குதிர மருமவ?" என்று யாரோ கேட்டார்கள். உமா எம்.காம். படித்தவள், பாங்கில் வேலை பார்க்கிறவள். சிதம்பரம் சொந்தபந்தத்துக்கு அவள் குதிரை மருமகள். ஒவ்வொரு தடவையும் சம்பந்தியம்மா கதையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவார். நன்றாகச் சொன்னேனா என்று கேட்கிறார்போல என்று நினைத்து நான் சிரித்துக் கொடுப்பேன்.

2012-இல் பேத்திக்குக் காது குத்தினார்கள். அதற்கும் முதல் நாளே போயிருந்தோம். சம்பந்தியம்மா கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு குதிரைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முட்டி போட்டதையும்தான்.

"அண்ணே, செத்த இந்த வாலப் புடிச்சிக்கங்க. கை கழுவிட்டீங்கல்ல?"

"கழுவிட்டேம்மா."

மெல்லிய பிரஷ்ஷால் பிடரியைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "ஏழு மாசப் புள்ளத்தாச்சி அந்த ஏணியில ஏறியிருப்பாளா அண்ணே?"

நான் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தர்க்கம், நிரூபணம் என்று வாழ்நாள் முழுவதும் பேசியவனுக்கு ஐந்து வருடமாக அந்த ஏணி தோன்றவே இல்லை.

"அன்னிக்கே தெரியும். ரவிக்குத் தெரியும், உங்க சம்சாரத்துக்குத் தெரியும். ஒவ்வொரு விசேஷத்துலயும் இந்தக் கதைய நான் எதுக்கு எடுக்குறேன்? இன்னிக்காச்சும் அண்ணன் வாயத் தொறப்பாரு, அந்தப் பொண்ணு தல மேலேந்து எறங்கும்னு பாத்தேன். நீங்க என்னடான்னா எல்லாருக்கும் மேல சிரிக்கிறீங்க."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். உமாவைக் கூப்பிட்டு அவள் எதிரில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"வெயில்ல வெச்சா மஞ்ச போறது நெஜந்தாம்மா. பாருங்க, ஒரு பொட்டுகூட இல்ல. மஞ்ச போயிடுச்சில்ல?"

அவர் என் கையிலிருந்து வாலை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விருந்தில் சம்பந்தியம்மா குதிரைக் கதையை மறுபடி சொன்னார். இம்முறை ஏணி இருந்தது. துண்டு இருந்தது. காலண்டரும் இருந்தது. கடைசியில் என் குரலிலேயே, "மஞ்ச போயிடுச்சில்ல?" என்று முடித்தார். அப்படியொரு சிரிப்பை அந்த வீடு கேட்டிருக்காது. சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் அன்று சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கும் எங்கள் இரண்டு வீடுகளிலும் சாம்பார் தீய்ந்தால், வண்டியில் கீறல் விழுந்தால், பேரன் கணக்கில் கோட்டைவிட்டால், யாராவது ஒருவர் "மஞ்ச போயிடுச்சில்ல?" என்பார். எல்லோரும் சொல்கிறார்கள். பேத்திக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியாது; அவளும் சொல்கிறாள்.

உமா மட்டும் இதுவரை சொன்னதில்லை. யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஒரே ஒரு தடவை அவளும் என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிச் சிரித்துவிட்டால் தேவலை என்றிருக்கிறது எனக்கு.