சிவப்புத் தொப்பியின் தொகுதி

கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மலைநாடு ஒன்று உண்டு. பெயர் வெண்முடி. அங்கே வாக்குக் கொடுக்கிறவன் தன் தொப்பியைக் கழற்றி, வாக்குப் பெறுகிறவன் கையில் கொடுத்துவிட வேண்டும். சொன்னதைச் செய்து முடிக்கும்வரை வெறுந்தலையோடுதான் நடக்க வேண்டும். செய்யாமலே வேறு தொப்பி அணிந்தால், அவன் வீட்டு மூத்தவர் தம் தொப்பியைக் கழற்றிவிடுவார். ஒரு குடும்பத்துக்குத் தலை ஒன்றுதான் என்பது அந்நாட்டார் எண்ணம்.

சிம்லே என்ற ஊர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. கம்பியில் தொங்கும் மரக்கூடையில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இழுத்துக் கடக்க வேண்டும். மழைக்காலந்தோறும் ஆறு யாரையாவது எடுத்துக்கொள்ளும். தில்மான், பீர்த்வஜன் என்ற அண்ணன் தம்பியின் தாயும் அப்படித்தான் போனாள்.

பீர்த்வஜன் இளமையில் அரசரை எதிர்த்துச் சிறை சென்றவர். அரசர் போனதும் சிவப்புத் தொப்பிக் கட்சியின் அமைச்சரானார். ஊர் கூடியிருக்க, ஆற்றங்கரையில் நின்று, பாலம் கட்டுவதாகச் சொல்லித் தம் தொப்பியை அண்ணன் கையில் கொடுத்தார். தூண் நடுவதற்குள் ஆட்சி விழுந்தது. அடுத்து வந்தது நீலத் தொப்பிக் கட்சி. அதிலும் அவர் அமைச்சர்.

"வெறுந்தலையா வருவேன்னு பார்த்தேன். இது என்னடா நீலம்?" என்றார் தில்மான்.

"அண்ணா, வாக்குக் கொடுத்தது சிவப்புத் தொப்பி. நான் இப்போ நீலம். சட்டத் துறையில கேட்டுட்டேன், தப்பில்லையாம்."

"அம்மாவைக் கொண்டுபோன ஆறு மட்டும் அதே ஆறுதானே?"

அமைச்சர் நீலத் தொப்பியையும் கழற்றிக் கொடுத்து, புதிதாக வாக்களித்துவிட்டுப் போனார். அடுத்த முறை பச்சையோடு வந்தார். அன்று தில்மான் தம் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பனி பெய்த நாளிலும் அதை எடுக்கவில்லை.

ஆட்சிகள் மாறிக்கொண்டே இருக்க, ஒருவர் மட்டும் எப்படி எல்லாவற்றிலும் அமைச்சராக இருக்கிறார் என்பது அறிஞர்களுக்கும் விளங்கவில்லை. நீர்ப்பாசனம், கல்வி என்று பல துறைகளைப் பார்த்தார். எங்கும் யாரோடும் அவர் சண்டை போட்டதில்லை. தொப்பிகள் மட்டும் சிம்லேயில், தில்மான் வீட்டு ஆணிகளில் சேர்ந்துகொண்டே போயின.

இதைக் கேள்வியுற்ற அமைச்சரவை கவலை கொண்டது. தலைமைச் செயலர் ஆணையை வாசித்தார்: "அமைச்சரின் தொப்பி அரசின் தலைக்கு ஒப்பானது. அது ஆணியில் தொங்கலாகாது. சிம்லேயில் தொப்பி மண்டபம் எழுப்பப்படும்."

பாலத்துக்கென்று ஊரார் வெட்டி வைத்திருந்த மரங்கள் மண்டபத்துக்குப் போயின.

மறு ஆண்டு இன்னோர் ஆணை வந்தது. பாலம் தருவதாக அரசு வாக்களித்த இடத்தில் கூடையில் ஏறுவது, அரசின் சொல்லை நம்பாமைக்குச் சமம். பீர்த்வஜனே அதில் கையெழுத்திட்டிருந்தார். கூடையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அதன்பின் சந்தைக்கும் வைத்தியருக்கும் கணவாயைச் சுற்றி இரண்டு நாள் நடக்க வேண்டியதாயிற்று. நோயாளிகள் சிலர் கணவாயைத் தாண்டவில்லை.

தேர்தல் வந்தது. கணவாயைச் சுற்றிக் கால் வீங்கி வந்து சேர்ந்த தேர்தல் அதிகாரியின் முன், தில்மான் பழைய சிவப்புத் தொப்பியை வைத்தார்.

"வேட்பாளர் எங்கே?"

"மேசை மேல இருக்கே, ஐயா."

"பெரியவரே, இதற்குத் தலை இல்லை."

"தலை வேணும்னு சட்டத்துல இருக்கான்னு பாருங்க."

அதிகாரி பிற்பகல் முழுவதும் பக்கங்களைப் புரட்டினார். இல்லை. வயது, குடியுரிமை பற்றியெல்லாம் இருந்தது. தலையைப் பற்றி ஒன்றும் இல்லை. மனு ஏற்கப்பட்டது. எதிர்த்து நின்ற பீர்த்வஜன் தோற்றார், தொப்பி வென்றது. தோற்றவரை அமைச்சராக்கக் கூடாது என்றும் சட்டத்தில் இல்லாததால், அவர் அமைச்சராகவே தொடர்ந்தார்.

சில மாதங்களில் அரசுக்கு நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. எண்ணிப் பார்த்ததில் அரசுக்கு ஒரு வாக்கு குறைந்தது. பீர்த்வஜன் இக்கரையில் வந்து நின்று கூவினார்.

"அண்ணா! அந்தத் தொப்பி வேணும். நாளைக்கு வாக்கெடுப்பு."

"உன்னோடதுதானே. வந்து எடுத்துக்கோ."

"கூடையைக் காணோமே."

"நீ போட்ட தடைதான்."

அமைச்சர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். "இந்தத் தடவை நிச்சயமாப் பாலம், அண்ணா. இதோ..."

"அதைத் தலையிலேயே வெச்சுக்கோ, மழை வருது. உனக்கு அடுத்த தொப்பி தர யாராவது வருவாங்க. என் தொப்பியை ஆணியிலேர்ந்து எடுக்க உன்னால மட்டும்தான் முடியும்."

ஆற்றின் இரைச்சலில் அது கேட்டதா என்று தெரியவில்லை. அமைச்சர் காதருகே கையைக் குவித்தபடி நின்றார். தில்மான் நனைந்த தலையோடு வீட்டை நோக்கி நடந்தார்.

ஒரு வாக்கில் ஆட்சி விழுந்தது. புதிய ஆட்சியில் பாலங்கள் துறை பீர்த்வஜனுக்குக் கிடைத்தது.

பாலம் இல்லாததால் சிம்லேயின் உறுப்பினர் இன்னும் அவைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் வெளிநாட்டு விருந்தினர் வரும்போதெல்லாம் அவைச் செயலர் அந்த வெற்று நாற்காலியைக் காட்டி, நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறாராம்: "எங்கள் அவையில் இதுவரை கட்சி மாறாத உறுப்பினரும் ஒருவர் இருக்கிறார்."