கண்ணாடிக்காரர் வீட்டுப் பூசணிப்பூ

"வெங்காயம்" என்றார் கண்ணாடிக்காரர்.

கேள்வி சாதாரணக் கேள்விதான். சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்து, மேசையில் செய்தித்தாளை விரித்து, மாவில் தோய்த்துப் பொரித்த ஏதோ ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தவரிடம், "இப்ப என்ன சாப்பிடுறீங்க?" என்று மனைவி கேட்டாள். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லிவிட்டார்.

"இல்ல" என்றாள் மனைவி.

"அப்ப உருளைக்கிழங்கு."

"பூ பூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து தினமும் இதைத்தான் சாப்பிடுறீங்க."

பூ என்ற சொல் அவர் காதில் விழவே இல்லை. தாளைத் திருப்பியபடி, கத்தரிக்காயாக இருக்குமோ என்று கேட்டு வைத்தார். மனைவி அடுப்பை அணைத்தாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குப் பழக்கம்தான், சமாளித்திருப்பார். அவள் கத்தவில்லை.

"ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் உக்கார வச்சு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேக்குறீங்க. வீட்டுல உங்களுக்கு எது தெளிவா இருக்கு? என்ன சாப்பிட்டோம்னு என்னைக்குத் தெரியுதோ அன்னைக்கு வர்றேன்."

தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள் என்று அவர் தட்டைக் காலி செய்தார். அப்போதாவது ஒன்றைப் பிட்டுப் பார்த்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

கண்ணாடிக்காரருக்குப் பார்வைக் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடையில் அவர் கண் கழுகுக் கண். வருகிறவரின் ஒரு காது இன்னொரு காதைவிட மயிரிழை உயரமாக இருந்தாலும் வாசலிலேயே கண்டுபிடித்து அதற்கேற்றபடி சட்டத்தை வளைத்துவிடுவார். ஆனால் சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அந்தப் பார்வையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருவதுதான் வழக்கம்.

மறுநாளும் மனைவி வரவில்லை. மச்சினிக்குப் போன் செய்தார். அக்கா குளிக்கிறாள் என்றாள் மச்சினி. மத்தியானம் செய்தார். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமும் அதே பதில். இத்தனை தண்ணீர் அந்த வீட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாரே தவிர, வேறு எதையும் யோசிக்கவில்லை.

தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வீடு பெரிதாகத் தெரிந்தது. செய்தித்தாளை விரித்தார். ஒரு வரியும் ஏறவில்லை. எதிர் நாற்காலியில் ஆள் இருந்தால்தான் தாள் படிக்க வரும் என்பது அவருக்கே புதுச் செய்தி.

எழுந்து போய்ச் சமையலறையில் துப்புத் துலக்கினார். அடுப்புக்குப் பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில், விரல் நுனி அளவுக்கு மஞ்சளாகச் சில துண்டுகள் கிடந்தன. தொட்டால் விரலில் பொடி ஒட்டியது. கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தார். பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். என்னவென்று தெரியவில்லை. காகிதத்தில் மடித்துக்கொண்டு மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனார்.

தையல்காரம்மா வீட்டு வாசலில் எப்போதும் யாராவது ஒரு வாடிக்கைக்காரரின் செருப்பு கிடக்கும். அன்று நீல வார் போட்ட ஒரு ஜோடி வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கதவைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடாவுடன் தையல்காரம்மா பாதிக் கதவைத் திறந்தார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இருங்கண்ணா, இஸ்திரிப் பெட்டியை அணைச்சிட்டு வர்றேன்" என்று போனவர் திரும்பி வந்து சொன்னார்.

"இது பூசணிப்பூவோட நடுத்தண்டு. இதைக் கிள்ளிப் போட்டுட்டுத்தான் பூவைப் பொரிக்கணும்."

"பூவையா பொரிப்பாங்க?"

"மொட்டை மாடியில இருக்கிறது உங்க வீட்டுக் கொடிதானே?"

மாடியில் ஏதோ ஒரு கொடி இருப்பது அவருக்கும் தெரியும். துணிக் கயிற்றின் மேல் ஏறுகிறது என்று ஒருமுறை குறைகூடச் சொல்லியிருந்தார்.

விடை கிடைத்துவிட்டது. படியிலேயே நின்று போனை எடுத்தவர், எண்ணைத் தொடப் போகும்போது நிறுத்திவிட்டார். அவர் கடைக்குச் சிலர் வருவார்கள். வண்டி ஓட்டும் உரிமத்துக்காக, சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை யாரிடமாவது கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். அவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இப்போது தானும் அதைத்தானே செய்யப் போகிறோம் என்று உறைத்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டார். செய்து பார்த்துவிட்டுப் பேசுவது என்று முடிவு செய்தார். கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

மொட்டை மாடியில் பூக்களெல்லாம் மடித்த குடை மாதிரி சுருங்கிக் கிடந்தன. நிறையப் பூவுக்கு நீளமான வெறும் காம்பு. சிலவற்றுக்கு மட்டும் பூவுக்கு அடியில் குட்டியாக ஓர் உருண்டை, அந்தக் காம்பில் சிவப்பு நூல். பார்த்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கடையில் வேலை முடிந்த கண்ணாடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டி வைப்பார். நூல் இருந்தால் தயார், எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று அர்த்தம். கட்டிய புருஷனைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறாள், கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டு, நூல் கட்டியதாகவே தேடித் தேடிப் பறித்தார்.

சமையலறையில் முதல் பூவைப் பிரித்தார். உள்ளே நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்த தேனீ, எழுப்பியவர் யார் என்று பார்க்க வெளியே வந்தது. கரண்டியால் விரட்டினார். மாவுப் பாத்திரம் கவிழ்ந்தது. மாவைப் பிடிக்கக் குனிந்தார். தேனீ இமையில் கொட்டிவிட்டுப் போனது.

ஒரு கண் இட்லி மாதிரி உப்பிய நிலையில், பூத்தட்டோடு மறுபடி மாடி ஏறினார். நீலச் செருப்பு மறுபடி வழியில் கிடந்தது. மறுபடி தள்ளிவிட்டார். தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்து உள்ளே ஓடினார். மெஷின் சத்தம் நின்றது. திரும்பி வந்தபோது கையில் நறுக்கிய துண்டு ஒன்று இருந்தது.

"இதைத் தேய்ங்க, வலி குறையும்." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்குப் பேருதான் வெங்காயம்" என்றார்.

அன்றைய சண்டை மாடி வரை கேட்டிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் கூனிக் குறுகினார். பேச்சை மாற்றத் தட்டை நீட்டினார். தையல்காரம்மா தட்டோடு உள்ளே போனார். இந்த முறை வர நேரமானது. வந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணா, உருண்டை இருக்கிறது பெண் பூ. அதுதான் காயாகும். பறிச்சிடக் கூடாதுன்னு அடையாளத்துக்குத்தான் நூல் கட்டியிருக்கு. பொரிக்கிறதுக்கு வெறும் காம்பு இருக்கிற ஆண் பூவை, காலையில விரிஞ்சிருக்கும்போது பறிக்கணும்."

கண்ணாடிக்காரருக்கு முழி பிதுங்கியது, ஒரு முழி ஏற்கெனவே பிதுங்கித்தான் இருந்தது. ஒரு பருவத்துக் காய் முழுவதையும் ஒரே தட்டில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இனி மிச்சம் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். கொடியின் கடைசியில் இலைக்கடியில் ஒரு மொட்டு இருக்கிறது, காலையில் விரியும், ஆண் பூவின் பொடியை அதில் தொட்டு வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்றார் தையல்காரம்மா. இந்தம்மாவுக்கு எப்படி நம் கொடியின் கடைசி வரை தெரிகிறது என்று வேறு யாருக்கானாலும் தோன்றியிருக்கும்.

காலையில் லென்ஸ் துடைக்கும் மெல்லிய தூரிகையோடு மாடியில் நின்றார். பூக்கள் விரிந்திருந்தன. அத்தனை பூவையும் அப்படி விரிந்த நிலையில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இலைக்கடியில் மொட்டும் விரிந்திருந்தது. ஒரே கண்ணால் தூரம் பிடிபடவில்லை. பொடியைப் பூவில் தடவுவதற்குள் கை, சட்டை, முகம் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஒரு வழியாக வேலையை முடித்து நிமிர்ந்தவர், நிலை தடுமாறி எதையோ பிடித்துக்கொண்டார். அது கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக் கவுன், தையல்காரம்மா யாருக்கோ தைத்தது. இடுப்பில் ஐந்து மஞ்சள் விரல்கள் பளிச்சென்று பதிந்துவிட்டன.

ஈரக் கையால் துடைத்தார். விரல்கள் சேர்ந்து உள்ளங்கையாயின. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்துத் தேய்த்தார். உள்ளங்கை பரவிக் கவுனின் கீழ்ப்பகுதி முழுக்க இறங்கியது. திருடனைப் போலக் கவுனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, நீலச் செருப்பைத் தாண்டி, கதவைத் தட்டினார். ஏசட்டும் என்று தலையைக் குனிந்து நின்றார். தையல்காரம்மா கவுனை வாங்கி உள்ளே போய் வந்தார்.

"காய விட்டுத் தட்டினா முக்காவாசி உதிர்ந்துடும், மிச்சத்தை வெயில் பாத்துக்கும். முதல்லயே தேய்க்காம இருந்திருந்தா வேலையே இல்லையாம்."

அந்தச் சொல் அவருக்கு என்னவோ செய்தது. கெட்டுப்போனதை உடனே தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்குவதுதான் அவர் வழக்கம். வெங்காயம் இல்லை என்றதும் உருளைக்கிழங்கு, அதுவும் இல்லை என்றதும் கத்தரிக்காய். நிமிர்ந்து தட்டைப் பார்த்திருந்தால் ஒரு நொடி வேலை.

அன்று கடையைத் திறக்கவில்லை. ஆண் பூக்களைப் பறித்து, ஒவ்வொன்றையும் உதறி, உள்ளே யாரும் குடியிருக்கிறார்களா என்று பார்த்து, நடுத்தண்டைக் கிள்ளி, கழுவினார். ஈரத்தோடு போட்டதில் எண்ணெய் சடசடவென்று தெறித்தது. துடைத்துப் போட்டார், மாவு கெட்டியாகிப் பூ எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தண்ணீர் விட்டார், மாவு எண்ணெயில் தனியாகவும் பூ தனியாகவும் பிரிந்து போயின. ஒவ்வொரு தடவையும் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். தையல்காரம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போவார், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வார். உப்பு இல்லை. உப்பு அதிகம். எண்ணெய் காயவில்லை. கண்ணாடிக்காரரும் கடைப் பழக்கத்தில், "இது நல்லா இருக்கா, அது நல்லா இருந்துச்சா?" என்று விடாமல் கேட்டார்.

அடுத்த முறை அவரே ஒன்றைக் கடித்துப் பார்த்தார். வேண்டுமென்றே மெதுவாக மென்றார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று, லேசான இனிப்பு, பிறகு ஒன்றுமே இல்லை. பெரிய ருசி என்று சொல்ல முடியாது. இதற்காகவா அவள் தினமும் விடிந்ததும் மாடி ஏறி, விரிந்த பூவாகப் பார்த்துப் பறித்து, பூச்சி பார்த்து, தண்டு கிள்ளி, அவர் வரும் நேரம் பார்த்துச் சூடாகப் பொரித்தாள்? அதை வெங்காயம் என்று சொல்லிவிட்டோமே. கொட்டாத கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவள் இல்லாமல் தனக்கு ஒன்றும் ஓடவில்லை என்று அடுப்பைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்.

கடைசி ஈடு சரியாக அமைந்துவிட்டது. மாவு பாலாடை மாதிரி மெல்லிசாகப் பிடித்திருந்தது, உள்ளே மஞ்சள் தெரிந்தது. நல்லதாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கினார். முதலில் குருவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு மச்சினி வீட்டுக்கு ஓடிவிட வேண்டியது என்று மாடி ஏறினார். வழியில் கிடந்த நீலச் செருப்பை, அவசரத்தில், மிதித்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினார்.

தையல்காரம்மா உள்ளே போய்த் தட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். மெஷின் நின்றிருந்தது. பிறகு உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரொம்ப நல்லா வந்திருக்காம்" என்றார் தையல்காரம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். "எல்லாம் உங்க கைப்பக்குவம்தாம்மா. உங்களை மாதிரி சமைக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்ததாலதான் நான் தப்பிச்சேன். இப்பவே கிளம்பிப் போய் அவளைக் கூட்டிட்டு வந்துடுறேன்."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதுவரை பாதியே திறந்திருந்த கதவை முழுக்கத் திறந்துவிட்டார்.

"எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுண்ணா. அந்தச் செருப்பை நேத்துலேர்ந்து உதைச்சுத் தள்ளுறீங்களே, அது யாருதுன்னு ஒருதடவை குனிஞ்சு பாருங்க."