அன்னைக்கே சொன்னேன்

கயிறு கையோடு வந்தது. வாளி வரவில்லை.

வெள்ளத்துரை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். சில குமிழிகள் வந்தன. பிறகு அவையும் இல்லை. தலையைத் தூக்கி வீட்டுக்காரரின் பின்வாசலைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. அந்தமட்டில் நல்லது.

வாளி போனது பெரிய விஷயமல்ல. வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குத் தெரிந்தால் அவர் வந்து நிற்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்பார். அதுதான் பெரிய விஷயம்.

அண்ணாச்சி வீட்டின் முன்கட்டில் இருந்தார். வெள்ளத்துரை பின்கட்டில் வாடகைக்கு இருந்தான். கிணறு பொது. குடிவந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்காத மாதம் இல்லை. தியேட்டர் வாசலில் சைக்கிள் திருட்டுப் போனபோது கேட்டான். முருங்கைக் கிளை முறிந்து ஓட்டின் மேல் விழுந்தபோது கேட்டான். புது அலாரம் கடிகாரம் அடிக்காமல் அவன் பஸ்ஸைத் தவறவிட்டபோதும் கேட்டான். ஆனால் 'அன்னைக்கு' அவர் வாயைத் திறந்ததே இல்லை.

ஒருமுறை கேட்டே விட்டான்.

"எப்ப அண்ணாச்சி சொன்னீங்க?"

"அன்னைக்குத்தான்."

"எந்த அன்னைக்கு?"

"சைக்கிளைப் பூட்டாம வுட்டுட்டுப் போற பழக்கம் உமக்கு என்னைக்கு வந்துதோ, அன்னைக்கு."

குரலில் கோபம் இருக்காது. கேலியும் இருக்காது. மாத்திரையை எடுத்து நீட்டுவதுபோலச் சொல்வார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று அந்த வார்த்தை காதில் விழவே கூடாது. பிரசவத்துக்குப் போன மனைவி முத்துத்தாய் மதிய பஸ்ஸில் ராயகிரியிலிருந்து வருகிறாள். பிள்ளையை அவன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அப்போது அது தூங்கிக்கொண்டிருந்தது. கூடவே மாமியார் முருகம்மாளும் வருகிறாள். அவள் முன்பே சொல்லிவிட்டாள்.

"வீடு பச்சப்பிள்ளைக்கு லாயக்கா இருந்தா வுட்டுட்டு வாரேன். இல்லன்னா ரெண்டு பேரையும் அடுத்த பஸ்ஸுல கூட்டிக்கிட்டுத் திரும்பிருவேன், மருமவனே. பெறவு வருத்தப்படக் கூடாது."

அவன் லீவு போட்டு வீடு முழுக்கக் கழுவியிருந்தான். தொட்டிலுக்குக் கொக்கி மாட்டியிருந்தான். கழுவியதில் வீட்டுத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதற்குத்தான் கிணற்றடிக்கு வந்தான்.

விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி வேண்டும். தெருவில் அது அண்ணாச்சி வீட்டில் மட்டும்தான் இருந்தது. வெள்ளத்துரை இரண்டு தெரு தள்ளி, டெய்லர் முகம்மது மைதீன் கடைக்குப் போனான்.

"உம்ம வீட்டுக்கார அண்ணாச்சிகிட்டயே இருக்குல்லா?" என்றார் மைதீன்.

"அவர்கிட்டக் கேக்க முடியாது."

"சண்டையா?"

"சண்டைன்னாக்கூடப் பரவாயில்ல. பேசாமலாவது இருப்பாரு."

மைதீன் சிரித்துவிட்டுக் கொக்கிக் கொத்தை எடுத்துவந்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"ஈடா ஒரு பாத்திரம் வச்சிட்டு எடுத்துக்கிடும்."

"என்னய நம்ப மாட்டீங்களா?"

"உம்மை நம்புதேன், வே. பாதாளக்கரண்டி வாங்கிட்டுப் போறவனைத்தான் நம்ப முடியல. தெருத்தெருவா அலைய வச்சிருதான்."

வெள்ளத்துரை வீட்டுக்குப் போய் ஒரு சொம்பை எடுத்துவந்தான். மைதீன் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பாதாளக்கரண்டியில ஒரு கொக்கி தரலாம்."

பெறுமானமுள்ளது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடம். கழுத்தில் 'முருகம்மாள்' என்று பெயர் வெட்டியது. அதைக் கொண்டுவந்து வைத்தான்.

கிணற்றடியில் பாதாளக்கரண்டியை அதே கயிற்றில் கட்டினான். வேறு கயிறு இல்லை. முதலில் ஒரு பழைய செருப்பு வந்தது. பிறகு மூடியில்லாத கூஜா வந்தது. மூன்றாவது முறை ஏதோ கனமாகச் சிக்கியது. உற்சாகத்தில் வேகமாக இழுத்தான். கயிறு மறுபடியும் கையோடு வந்தது.

இப்போது வாளி கிணற்றில் இருந்தது. பாதாளக்கரண்டியும் கிணற்றில் இருந்தது. மாமியாரின் குடம் டெய்லர் கடையில் இருந்தது.

பின்வாசல் கதவு திறந்தது.

"என்ன தம்பி, கிணத்தடியில சத்தம்?"

வெள்ளத்துரை ஓடிப்போய் அண்ணாச்சியை வாசலிலேயே மறித்தான். வாயில் முதலில் வந்ததைச் சொன்னான்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. மதிய பஸ்ஸுல வீட்ல வாராங்க. எனக்கு இங்கன வேலை ஓயல. நீங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி..."

"இதைக் கேக்கணுமா? போறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் வெள்ளத்துரைக்கு உறைத்தது. யார் இருவர் கிணற்றைப் பார்க்கக் கூடாதோ, அந்த இருவரும் இனி ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள்.

டீக்கடைக்கு ஓடிச் சிவனாண்டியைக் கூட்டிவந்தான். சிவனாண்டி கிணறு வெட்டுகிறவன். முங்கி எடுப்பது அவனுக்கு விளையாட்டு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"சத்தம் போடாம எடுங்க, அண்ணே."

"ஏன், திருட்டுக் கிணறா?" உள்ளேயிருந்து அவன் குரல் ஊருக்கே கேட்டது.

முங்கினான். எழுந்தான்.

"வே! அடியில ஒரே சேறு! காலு போகுது!"

"கலக்கிறாதீங்க!"

"கலக்காம எப்படி வே எடுக்க? கெஞ்சிக் கேட்டா வருமா?"

மறுபடி முங்கினான். தண்ணீர் பச்சையானது. பிறகு பழுப்பானது. கடைசியில் கஷாயம்போல ஆனது. சிவனாண்டி ஒரு கையில் வாளியும் ஒரு கையில் பாதாளக்கரண்டியுமாகப் படியேறிவந்தபோது, தலை முதல் கால் வரை சேறாக இருந்தான். வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது.

வெள்ளத்துரை அசையவில்லை. அசைந்து பயனில்லை.

முருகம்மாள் நேராகப் பின்பக்கம் வந்தாள். சிவனாண்டியைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். அடுப்படிக்குள் போய் வெறும் பானைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். முத்துத்தாய் பிள்ளையோடு நிலைப்படியில் நின்றாள். பிள்ளை அழுதது.

"பிள்ளைக்குப் பால் காய்ச்ச ஒரு டம்ளர் தண்ணி இல்ல. என் குடத்தையும் காணல." முருகம்மாளின் குரல் உயரவில்லை. "ஏட்டி முத்து, வண்டியைப் போகச் சொல்லாத."

"அம்மா, இப்பத்தானே வந்தோம்..." என்றாள் முத்துத்தாய்.

"வந்ததைத்தானே பாக்கேன்."

வெள்ளத்துரை முத்துத்தாயைப் பார்த்தான். அவள் இளைத்திருந்தாள்.

அண்ணாச்சி மெதுவாகக் கிணற்றடிக்கு வந்தார். எட்டிப் பார்த்தார். பாதாளக்கரண்டியைப் புரட்டிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெள்ளத்துரை கண்களை மூடிக்கொண்டான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் அண்ணாச்சி. முருகம்மாளிடம்தான் சொன்னார். "பச்சப்பிள்ளை வாரதுக்கு முன்ன கிணத்துச் சேத்தை எடுத்துருங்கன்னு. தம்பி இன்னைக்கு ஆளை இறக்கிட்டாரு. சாயங்காலம் தண்ணி தெளிஞ்சிரும். அதுவரைக்கும் எங்க தொட்டியில இருக்கு. இது மைதீன் வீட்டுப் பாதாளக்கரண்டிம்மா. உங்க குடம் அங்கன ஈடா இருக்கும்."

வெள்ளத்துரை கண்களைத் திறந்தான்.

முருகம்மாள் கிணற்றை மறுபடி பார்த்தாள். இப்போது வேறு மாதிரிப் பார்த்தாள்.

"சேறு எடுத்திருக்கீகளா?" என்றாள். "அதைச் சொல்றதுக்கென்ன, மருமவனே? பேயறைஞ்ச மாதிரி நிக்கீக." பிறகு சிவனாண்டியிடம் திரும்பினாள். "ஏன் வே, நல்லா வழிச்செடுத்தீரா?"

"இன்னும் ரெண்டு முங்கு பாக்கி இருக்கு, ஆத்தா," என்று சிவனாண்டி மறுபடி இறங்கினான்.

முருகம்மாள் வண்டியை அனுப்பிவிட்டாள். முத்துத்தாய் பிள்ளையை வெள்ளத்துரையின் கையில் கொடுத்தாள். அது விழித்திருந்தது. அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பிறகு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மீட்ட வாளியோடு தண்ணீர் எடுக்க முன்கட்டுக்குப் போனான். அண்ணாச்சியின் மனைவி கோமதியம்மாள் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினாள். அந்த அம்மாள் அதிகம் பேசாதவள். எல்லாருக்கும் நல்லவள்.

"அண்ணாச்சி மட்டும் இன்னைக்கு அந்தப் பொய்யைச் சொல்லலன்னா என் குடும்பம் ராயகிரிக்குத் திரும்பியிருக்கும், மதினி," என்றான் வெள்ளத்துரை. "எனக்கு அவர் பேச்சே பிடிக்காது. இன்னைக்குக் கால்ல விழலாம்போல இருக்கு."

கோமதியம்மாள் மொண்ட சொம்போடு நின்றாள்.

"பொய் எங்க, தம்பி? சைக்கிளுக்குப் பூட்டு, முருங்கைக் கிளை, கிணத்துச் சேறு, இத்துப்போன கயிறு எல்லாம் அவுக அன்னன்னைக்குச் சொல்லத்தான் செய்தாக. 'நான் சொன்னா எரிச்சப்படுவான், நீ பக்குவமாச் சொல்லு'ன்னு என்கிட்டச் சொல்லிவுடுவாக, நானும் ஒரு நல்ல நேரம் வரட்டும்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."