தலைவர் காப்பாற்றிய வீடியோ

"ஐயோ, கரண்ட் போச்சு!" என்று இடிமழைக்கு நடுவே நளினி அலறியபோது, கும்பாபிஷேக வீடியோ பாதிதான் பென்டிரைவில் ஏறியிருந்தது.

மலேசியாவில் மெர்போக் பக்கத்துக் கோயில் ஒன்றின் செயலாளர் அவள். பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றவர் தலைவர் காளிதாசன். மாலையில் ஆண்டுக் கூட்டம், கையோடு தேர்தல். கலசத்துக்கு நீர் ஊற்றும் காட்சியில் அவர் முகம்தான் கோபுரத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அதைத் திரையில் ஓட்டினால் பதவி அவருக்கு. இல்லாவிட்டால் எதிர்த்து நிற்கும் பழனியாண்டிக்கு. இன்னொரு கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஆகும்.

விளக்கு எரிந்ததும், பென்டிரைவை ஃபார்மேட் செய்யவா என்று கணினி கேட்டது.

"எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா, எது எங்க இருக்குங்கற விவரமே அழிஞ்சிரும் தலைவரே. நல்லவேளை, கேமரா கார்டுல ஒரிஜினல் இருக்கு. மழ விடட்டும், வேற பென்டிரைவ்ல காப்பி பண்ணலாம்."

"மழைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னம்மா? காப்பிலாம் வேணாம்லா, கட் பண்ணிப் போடு. வேலை சட்டுன்னு முடியும்."

"நடுவுல ஏதாச்சும் ஆனா கார்டும் போயிருமே..."

"இங்க தலைவரு நீயா, நானா?"

கட் பண்ணினாள். வெளியே வானம் குமுறியது. அறை இருண்டது. மறுபடி விளக்கு வந்தபோது, கார்டையும் ஃபார்மேட் செய்யவா என்று கணினி கேட்டது.

"அலாமாக்!" காளிதாசன் கார்டைப் பிடுங்கி ஊதிப் பார்த்தார்.

"எதிர்க் கடையில டிவி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு தலைவரே."

"அவனுங்க வேற லைன்மா!"

காளிதாசனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. உத்தரவு போடுவதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. போன மாதம் இடியில் மைக் செட் கருகியபோது ஆளுக்கொரு உத்தரவாகப் போட்டுத் தள்ளினார்.

அழிந்ததை மீட்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, ஆனால் நடுவில் கரண்ட் போகக்கூடாது என்றாள் நளினி. உடனே சுங்கைப் பட்டாணிக்குக் காரை விரட்டி, கரண்ட் போனாலும் பேட்டரியில் தாங்கும் யூபிஎஸ் ஒன்றை வாங்கி வந்தார்.

"மீட்டத எங்க போடறது தலைவரே? கம்ப்யூட்டர்ல இடமில்ல. உங்க பொன்னாடைப் போட்டோவே ரொம்பிக் கெடக்கு. கொஞ்சம் அழிக்கவா?"

"அதுல கை வைக்காத! திரும்பக் கார்டுலயே போடு."

"அதுமேலயே எழுதினா, மிச்சம் இருக்கறதும்..."

"போடும்மா!"

போட்டாள். புழுக்கம் தாங்காமல் அவர் பெரிய காற்றாடியையும், கோப்பிக்கு வெந்நீர்க் கெட்டிலையும் அதே யூபிஎஸ்ஸில் சொருகினார். "இவ்ளோ பெரிய சாமான் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமா?"

மறுபடி வானம் குமுறியது. யூபிஎஸ் 'கீ' என்று ஒரு முறை கத்திவிட்டு அடங்கியது. கூடவே கும்பாபிஷேகமும் அடங்கியது.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பழனியாண்டி கால்மேல் கால் போட்டுச் சிரித்தார். காளிதாசன் மேடையேறித் தொண்டை கிழியக் கத்தினார்.

"வீடியோ போனது என் தப்பில்ல! கரண்ட்ட நிறுத்தினவன் எவனா இருந்தாலும் சும்மா விடமாட்டேன்! யாரு அவன்?"

கோயிலைக் கூட்டிப் பெருக்கும் பிச்சையம்மாள் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"நான்தான் தலைவரே! இடி இடிச்சா ஓடிப்போயி மெயின் சுவிட்ச அடைக்கணும்னு போன மாசம் நீங்க உத்தரவு போட்டீங்கல்ல, இன்னைக்கு ஒரு இடியக்கூட விடல!"