தொடாமல் அளப்பது எப்படி

கண்ணை நம்பாமல் விரலை மட்டுமே நம்பும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. தொட்டுப் பார்ப்பவர்கள். வாங்கப்போவதில்லை என்று முடிவுசெய்துவிட்ட மாம்பழத்தையும் பாசாரில் ஒரு அமுக்கு அமுக்குவார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படியில் முன்னால் போகிறவரின் காவடி மயிலிறகை, நிஜந்தானா என்று மெல்ல இழுப்பார்கள். "சூடு" என்று சொல்லி வைத்த தட்டை, சொன்னதற்காகவே தொடுவார்கள். கெட்டவர்களா? சேச்சே. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் கண்ணாடிப் பட்டறை வைத்திருக்கும் முத்துவீரப்பன் இந்த இனத்தின் மணிமகுடம். அங்கே கண்ணாடிகளைக் கழுவிப் பெட்டியில் வைக்கும் வேலை தேன்மொழிக்கு. பேச்சு குறைவு, வேலையும் தற்காலிகம். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகும் தங்கப் பூச்சுக் கண்ணாடி சோதனையில் தேறினால் வேலை நிரந்தரம் என்று முதலாளியே சொல்லியிருந்தார். அதை ஏற்றிப்போக மூன்று மணிக்கு வேன். இரண்டே காலுக்கு முதலாளி வந்தார், நண்பர் ஹனீபாவோடு.

"பிளாஸ்மான்னா சூரியனவிடச் சூடான வாயு, ஹனீபா. காந்தத்தால கட்டிப் போட்டிருப்பாங்க. உள்ள ஒரே கொதிப்பு, சுழிப்பு. அத அளக்கணும். கருவிய உள்ள விட்டா உருகிடும்லா. அதனால லேசர விடுவாங்க. சிதறி வர்ற துளி வெளிச்சத்த இந்தக் கண்ணாடில பிடிச்சு அளப்பாங்க. எப்படி? தொடாமலே!"

"தொடாமலே" என்று சொன்னபோது அவருடைய கட்டைவிரல் கண்ணாடியின் நட்டநடுவில் இருந்தது.

"அண்ணே, தொட்டுட்டீங்களே," என்றார் ஹனீபா.

"ஒண்ணும் ஆவாதுலா." வாயால் ஊதிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

தேன்மொழிக்குத் தெரியும். விரல் எண்ணெயும் ஒளியைச் சிதறடிக்கும். அங்கே பிளாஸ்மாவின் சுழிப்பு என்று நினைத்து முதலாளியின் கட்டைவிரலை அளந்துகொண்டிருப்பார்கள். துடைத்தாலோ பூச்சே கீறிப்போகும்.

"கைய எடுங்க முதலாளி!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. இவளுக்கு இவ்வளவு பெரிய குரலா?

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக வழியவிட்டாள். காற்றடித்து உலர்த்தி விளக்கடியில் பார்த்தாள். ரேகை. மறுபடி கழுவினாள். மங்கல். மூன்றாவது முறை, ஒன்றுமில்லை. சோதனை மேசையில் இருக்கும் ஜெயந்தி முத்திரை குத்தவும் வெளியே வேன் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"நீ பெர்மனென்ட்மா," என்றார் முதலாளி, அசடு வழிய. "இனிமே இந்தப் பக்கம் கையக் கட்டிக்கிட்டுத்தான் வருவேன்."

நிரந்தர வேலையின் முதல் காரியமாக, 'தொடாதீர்கள்' என்று பெரிதாக எழுதித் தன் மேசை முன்னால் ஒட்டினாள். முதலாளி நின்று படித்தார். ரொம்பச் சரி என்று தலையாட்டினார். பிறகு, நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'பெயின்ட் காயவில்லை' என்று அட்டை தொங்கிய கதவைப் போன வாரம் தாண்டிப் போனீர்களே, அட்டையை நம்பி அப்படியே போய்விட்டீர்களா? எங்கே, அந்த ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் காட்டுங்கள் பார்ப்போம்.