டார்ச் லைட் நீங்கலாக யாவரும் க்ஷேமம்

தியாகராய நகர்,
1943, ஆவணி 2

மகாராஜராஜஸ்ரீ அத்தான் வைரவன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சிதம்பரநாதன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் டார்ச் லைட் நீங்கலாக யாவரும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், அக்காவும், எங்களுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிற (என்று நாங்கள் நம்பியிருக்கிற) தங்கள் புதல்வன் உமாபதியும் க்ஷேமமாயிருக்க வடபழனி முருகனைப் பிரார்த்திக்கிறோம்.

அத்தான், முதல் வரியிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். டார்ச்சை உடைக்கவில்லை. அது தானாகவே போயிற்று. போன வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது தாங்களும் தென்காசிக்குப் புறப்பட்டீர்கள். ரயிலில் திருட்டுப் பயம் என்று, தாங்கள் ரங்கூனில் வாங்கிய மூன்று பாட்டரிக் கட்டை டார்ச்சை உமாபதியிடம் துண்டில் சுற்றிக் கட்டச் சொல்லி, எழும்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தீர்கள். "பத்திரம் சிதம்பரம்! கொடுத்த பொருள் எப்படித் திரும்பி வருதுன்னு பாத்துத்தான் நான் ஒரு வீட்டை எடை போடுவேன்" என்றீர்கள். குடைக் கம்பி ஒன்று வளைந்து வந்ததற்காக மாயவரத்துச் சம்பந்தத்தையே உதறியவர் தாங்கள். என் மகள் ஜெயபாரதியின் கல்யாணத்தையே அந்தத் துண்டுக்குள் முடிந்து கொடுத்தாற்போல இருந்தது.

ஆகவே நான் முடிச்சை அவிழ்க்கவேயில்லை. யுத்தத்துக்காகத் தெருவிளக்கை அணைத்த இருட்டடிப்பு நாட்களில் தெருவில் படுத்திருந்த எருமையின்மேல் இரண்டு தரம் விழுந்தேனே தவிர, டார்ச்சைத் தொடவில்லை. சரஸ்வதி பூஜையன்று துண்டுக்குமேல் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்தோம். சாமியிடம் வைத்ததை எடுக்கலாமா? அங்கேயே இருந்தது. தாங்கள் ஆவணி பன்னிரண்டாம் தேதி டார்ச்சை வாங்கிக்கொள்ளவும் சம்பந்தம் பேசவும் வருவதாகக் கடிதம் வந்த பிறகுதான், ஆடிக் கடைசி வெள்ளியன்று துடைத்து வைக்கலாமென்று என் சம்சாரம் சுந்தரவல்லி அவிழ்த்தாள். உள்ளிருந்து பொலபொலவென்று வெள்ளைப் பொடி!

"முருகா! விபூதி குடுத்துட்டியே!" என்று ஒரே அலறல். இந்தக் கல்யாணத்துக்காக அவள் வடபழனிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், அதற்குச் சாமி கொடுத்த பதில் என்று முடிவுகட்டிவிட்டாள். நானும் மூன்று விரலில் அள்ளி நெற்றி நிறையப் பூசினேன். மாடியிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவருக்கு நெற்றி எங்கே முடிகிறதென்று அவருக்கே தெரியாது, உச்சந்தலைவரை பூசிக்கொண்டார். கால் மணி நேரத்தில் அரிப்பு. அரை மணியில் எரிச்சல். சாயங்காலம் கழுவிப் பார்த்தால் விபூதி போய்விட்டது, பட்டை மட்டும் சிவப்பாக நிற்கிறது. வீட்டுக்காரர் இன்றுவரை தொப்பியோடுதான் தூங்குகிறார். என்னை வீட்டைக் காலிசெய்யவும் சொல்லியிருக்கிறார்.

மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் கடிகாரமும் டார்ச்சும் பழுது பார்க்கிற மெஹபூப் பாஷாவிடம் சுந்தரவல்லியையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். அவர் டார்ச்சைப் பார்க்குமுன் என் நெற்றியைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கட்டைய உள்ளயே வச்சுக்கினு ஒண்ணரை வருசமா பூஜை பண்ணிக்கினு இருந்தியா? கட்டை செத்தா தகடு ஓட்டையாயி உள்ள கீற மருந்தெல்லாம் கக்கிடும். வேலை இல்லாங்காட்டி கழட்டித் தனியா வச்சிடணும். மாசம் ஒரு தபா பாக்கணும். பழசையும் புதுசையும் ஜோடி சேக்கவே கூடாது."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது, கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதென்ன அபசகுனமென்று சுந்தரவல்லி கோபித்துக்கொண்டாள். பாஷா ஆப்ப சோடாவைக் கரைத்துத் துணியால் துடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார். ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. "மவுத்தாயிடுச்சு" என்று டார்ச்சுக்குச் சாவு சொன்னார்.

அத்தான், நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பத்திரப்படுத்தியே பாழாக்கிய பாவி நான். ஜெயபாரதி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். விவரமறியாத குழந்தை! என் தவற்றை அவள் தலையில் ஏற்றவேண்டாமென்று தங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு தரம் என்னை மட்டும் எடைபோட்டு, வீட்டை விட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உமாபதிக்கு எங்கள் ஆசீர்வாதம், தீர்க்காயுசு, சகல சம்பத்தும் உண்டாகட்டும்.

இங்ஙனம்,
நெற்றி வெந்த மைத்துனன்,
சிதம்பரநாதன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டதற்கு ஜெயபாரதி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, அது மாமா டார்ச்சே இல்லப்பா" என்கிறாள். உமாபதி மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய டார்ச் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு, ரங்கூன் டார்ச்சைத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டானாம். ஒன்றரை வருஷமாகத் தங்கள் வீட்டிலேயே, போர்வைக்குள், அந்த வெளிச்சத்தில்தான் இவளுக்குக் கடிதம் எழுதுகிறானாம். இதுவரை அறுபத்திரண்டு கடிதம். தினமும் எரிவதால் கட்டை தீரத் தீர மாற்றுகிறானாம், ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். ஆகவே மேற்கண்ட மன்னிப்பு, அழுகை, கால் பிடித்தது அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பன்னிரண்டாம் தேதி அவசியம் வாருங்கள். கட்டைகளைக் கழற்றித் தனியே சுற்றி, டார்ச்சையும் கையோடு கொண்டுவாருங்கள். அது எப்படி வருகிறதென்று பார்த்துத்தான் நானும் ஒரு வீட்டை எடைபோட வேண்டும்.